ருஸ்தம் கதையைப் பாடாமல் வாசிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: சில வருடங்களாகச் சந்தூர் என்ற கம்பிக் கருவியை வாசித்துவரும் ஒருவர், பாரசீகக் காவியமான ஷாஹ்நாமேயில் வரும் ருஸ்தம்–சொஹ்ராப் கதையை ஒரு பதினைந்து நிமிடக் கருவியிசையாக அமைக்க ஆசைப்படுகிறார். பாட்டு கிடையாது, கதை சொல்பவர் கிடையாது. பாரசீக சாஸ்திரிய மரபைத் தாண்டிப் போகவும் மனமில்லை. ஆனால் எழுதிப் பார்த்த துண்டுகள் எல்லாம் சினிமாப் பின்னணி இசை போலவே வந்து நிற்கின்றனவாம். எங்கே பிசகுகிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். குதிரைக் குளம்பொலியிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். பெரும்பாலானோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். தொம்பக் என்ற மேளத்தில் குளம்படி, சந்தூரில் வாள் மோதும் கணகணப்பு, சாவு வந்ததும் நெய் என்ற புல்லாங்குழலின் ஓலம். ஒவ்வொரு சத்தமும் ஏதோ ஒரு காட்சியைச் சார்ந்து நிற்கிறது. காட்சியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அந்த ஒலி ஏன் வருகிறது என்பதற்கு இசைக்குள் ஒரு காரணமும் இல்லை. சினிமா வாடை அடிப்பது அதனால்தான்.

ஒலியைப் போலச் செய்வது இந்த மரபுக்குப் புதிது என்று சொல்ல வரவில்லை. மிர்ஸா அப்துல்லாவின் ரதீஃப் என்ற பாடத் தொகுப்பிலேயே, ஸெகாஹ் பகுதியில், 'ஸங்கே ஷொதொர்' என்று ஒட்டக மணியின் பெயரில் ஒரு துண்டு இருக்கிறது. ஹொசைன் தெஹ்ரானி தொம்பக்கில் ரயில் புறப்பட்டு வேகமெடுப்பதை வாசித்துக் காட்டுவார். அலீ நகீ வஜீரி தார் என்ற நரம்புக் கருவிக்காக எழுதிய 'பந்த்பாஸ்' கழைக்கூத்தாடியைப் பற்றியது. எல்லாமே கேட்க இன்பமானவை. ஆனால் அவை சித்திரங்கள். ஒட்டகம் நடக்கிறது, அவ்வளவுதான். அதற்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. கதை என்றால் ஒன்று நேர வேண்டும், நேர்ந்தபின் பழைய இடத்துக்குப் பழைய ஆளாகத் திரும்ப முடியாமல் போக வேண்டும்.

பாரசீக இசையில் இதைச் சொல்லத் தோதான ஒரு சாதனம் ஏற்கெனவே இருக்கிறது: ஃபொரூத். நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

ரதீஃப் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஏழு தஸ்த்காஹ்கள், அவற்றிலிருந்து கிளைத்த ஐந்து ஆவாஸ்கள் என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வொன்றிலும் கூஷே எனப்படும் சிறு சிறு துண்டுகள் ஒரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். இந்த முழுத் தொகுப்புதான் ரதீஃப். இன்று அதிகம் கற்பிக்கப்படுவது மிர்ஸா அப்துல்லா (1843–1918) வழி வந்த தொகுப்பு. ஏறக்குறைய 250 கூஷேக்கள் அதில் உண்டு. 2009ல் யுனெஸ்கோ ரதீஃபைத் தன் பட்டியலில் சேர்த்தது. தஸ்த்காஹ் முழுக்க ஒரே ஸ்வரக் கூட்டத்துக்குள் நிற்பதில்லை. தராமத் என்ற தொடக்கத்தில் கீழே உட்கார்ந்திருக்கும். அடுத்தடுத்த கூஷேக்களில் மையம் மேலே நகரும், சில ஸ்வரங்கள் மாறும், உச்சமான ஓஜ் வரும். ஒவ்வொரு கூஷேக்கும் அதிகம் அழுத்தம் பெறும் ஷாஹெத் என்ற ஸ்வரமும், ஓய்வெடுக்கும் ஈஸ்த் என்ற ஸ்வரமும் உண்டு. எங்கே போனாலும் கடைசியில் ஒரு குறிப்பிட்ட சொற்றொடர் வழியாகத் தராமத்துக்கு இறங்கி வருவார்கள். அந்த இறக்கம்தான் ஃபொரூத்.

கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வரிசை மனப்பாடம். ஸாபொல் என்ற கூஷே முடிந்ததும் ஹெஸார் என்ற கூஷே வரப்போகிறது என்று தெரியும், ஃபொரூத்தின் முதல் இரண்டு ஸ்வரங்களிலேயே "சரி, வீடு திரும்புகிறோம்" என்று புரிந்துவிடும். கதை சொல்ல உங்களுக்குக் கிடைத்திருக்கும் கச்சாப்பொருள் இந்த எதிர்பார்ப்புதான். எப்போது மேலே போகிறீர்கள், எதைத் தாண்டிக் குதிக்கிறீர்கள், திரும்புவதை எவ்வளவு நேரம் ஒத்திப்போடுகிறீர்கள் என்பவைதான் நிகழ்ச்சிகள்.

சாசானிய அரசன் இரண்டாம் குஸ்ரோவின் அவையில் இருந்த பார்பதைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. அரசனின் பிரியமான குதிரை ஷப்தீஸ். "அது செத்துவிட்டது என்று எவன் வந்து சொல்கிறானோ அவன் தலை உருளும்" என்று அரசன் எச்சரித்திருந்தான். குதிரை செத்தது. யாருக்கும் சொல்லத் துணிவில்லை. பார்பத் வந்து இசைத்தான். கேட்டுக்கொண்டிருந்த அரசனே "ஷப்தீஸ் இறந்துவிட்டதா!" என்று அலறினான். அதைச் சொன்னது நீங்கள்தான் அரசே, என்று பார்பத் தலை தப்பினான். அந்த இசை எதுவும் நம்மிடம் மிஞ்சவில்லை. நிஜாமியின் காவியத்தில் பார்பதின் முப்பது மெட்டுகளின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. 'சியாவஷின் பழி', 'ஈரஜின் பழி' என்று ஷாஹ்நாமேக் கதைகளின் பெயரிலேயே அவற்றில் சில. ஆக, உங்கள் ஆசை ஒன்றும் மேற்கிலிருந்து வந்ததல்ல.

இனி உங்கள் கதை. ருஸ்தம் சமங்கானில் ஓரிரவு தஹ்மீனேயோடு தங்குகிறான், பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒரு கைக்காப்பு மணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். சொஹ்ராப் வளர்கிறான், தந்தையைத் தேடி, ஈரானின் பகை நாடான தூரானின் படையோடு ஈரானுக்கு வருகிறான். இருவரும் களத்தில் எதிரெதிரே. மகன் பெயர் கேட்கிறான், தந்தை மறைக்கிறான். முதலில் சொஹ்ராப் ருஸ்தமை வீழ்த்துகிறான். "இரண்டாம் முறை வீழ்த்தினால்தான் கொல்வது எங்கள் வழக்கம்" என்று பொய் சொல்லி ருஸ்தம் தப்புகிறான். அடுத்த முறை ருஸ்தம் கை ஓங்குகிறது, அவன் காத்திருப்பதில்லை. கத்தி இறங்கிய பிறகுதான் கைக்காப்பு தெரிகிறது.

ஈரானியக் கேட்போர் யாருக்கும் இந்த முடிவு புதிதல்ல. கஹ்வே கானே என்ற காபிக் கடைகளில் நக்காலி என்ற கதைசொல்லல் நடந்த காலத்தில், சொஹ்ராப் கொல்லப்படும் நாளன்று உட்கார இடம் கிடைக்காதாம். கொலையை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் காசு கொடுத்தவர்களும் உண்டு என்பார்கள். "என்ன ஆகும்" என்ற ஆர்வம் அங்கே இல்லை. "எப்போது, எவ்வளவு தாமதமாக" என்பதுதான் அத்தனை பேரையும் உட்கார வைத்தது. தாமதத்தைச் சொல்ல இசையை விட நல்ல ஊடகம் ஏது?

தஸ்த்காஹுக்குச் சஹார்காஹை எடுங்கள். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அதன் அடிப்படை ஸ்வரங்கள் மாயாமாளவகௌளையை நினைவூட்டும். ரிஷபமும் தைவதமும் மட்டும் சற்று மேலே, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். அதைத்தான் கோரோன் என்கிறார்கள். வீரத்துக்கு உரியது சஹார்காஹ் என்ற பெயர் அதற்கு உண்டு. போர்க்களத்தில் வீரன் தன் பெருமை கூறும் ரஜஸ் என்ற கூஷேயும் இதில்தான் இருக்கிறது. இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாப் போரை நடித்துக் காட்டும் தஃஸியே என்ற நாடகத்தில் அப்பாஸ் பாத்திரம் பாடுவது சஹார்காஹில், ஹுர் எராக்கில், சிறுவன் அப்துல்லா ராக்கில் என்று ஒரு மரபு இருக்கிறது. ஆனாலும் "சஹார்காஹ் என்றால் வீரம்" என்று சூத்திரம் போட்டுவிட வேண்டாம். திருமணத்தில் பாடும் 'மொபாரக் பாத்' மெட்டும் சஹார்காஹ்தான். ஒரு தஸ்த்காஹ் தானாக எந்த உணர்ச்சியையும் உண்டாக்கிவிடாது. நீங்கள் அதற்குள் எந்த வழியில் போகிறீர்கள் என்பதே தீர்மானிக்கும்.

தஃஸியேயிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. அங்கே இமாம் தரப்பினர் பாடுவார்கள். எதிர்த்தரப்பினர் பாடுவதில்லை, உரத்த குரலில் அதட்டலாக வசனம் பேசுவார்கள். யாருக்கு மெட்டு, யாருக்கு மெட்டு இல்லை என்பதே அங்கு ஒரு தீர்ப்பு. உங்கள் கதையிலும் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துவிடக் கூடாது என்று தூரான் அரசன் அஃப்ராசியாப் அனுப்பிய ஹூமானும் பார்மானும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மெட்டுத் தராதீர்கள். தொம்பக்கின் ஒரு வறண்ட சிறு தாளக்கட்டு போதும். இருவரும் நெருங்கும் இடங்களில் எல்லாம் அது குறுக்கே வரட்டும்.

மெட்டுக்கு வருவோம். ஒரே ஒரு சிறு சொற்றொடரை அமையுங்கள், நான்கைந்து ஸ்வரம் இருந்தால் போதும். ஆதார ஸ்வரத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏறி, இரண்டாவதைத் தொட்டு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். தராமத்தில் அது ஆதார ஸ்வரத்தில் போய் நிற்கட்டும், ருஸ்தம். ஸாபொலில் ஷாஹெத் மூன்றாம் ஸ்வரத்துக்கு மாறும். அங்கே அதே சொற்றொடரை வாசித்து மூன்றாவதில் நிறுத்துங்கள், சொஹ்ராப். ஈஸ்த் மாறினால் அதே ஸ்வரங்கள் வேறு ஆள் மாதிரிக் கேட்கும். தந்தையும் மகனும் ஒரே மெட்டு என்பது முதல் கேட்பில் யாருக்கும் பிடிபடக் கூடாது. உங்கள் ஆசிரியருக்கே பிடிபடாவிட்டால் இன்னும் நல்லது.

களத்தில் பெயர் கேட்கும் இடத்துக்கு ஜவாபே ஆவாஸ் முறையைப் பயன்படுத்தலாம். பாடகர் ஒரு வரி பாடியதும் கருவி அதே வரியைத் திருப்பிச் சொல்லி முடித்துவைக்கும் பழக்கம் அது. நீங்கள் கருவிக்குக் கருவியாக மாற்றிக்கொள்ளுங்கள்: சந்தூர் கேட்கிறது, வில்லால் வாசிக்கும் கமாஞ்சே பதில் தொடங்குகிறது, முடிக்கும் ஸ்வரத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. இரண்டு முறை போதும். மூன்றாவது தடவை செய்தால் அது நாடகத்தனமாகிவிடும். அதற்காகச் சந்தூர் என்றால் மகன், கமாஞ்சே என்றால் தந்தை என்று கடைசி வரை பங்கு பிரித்துவிடவும் வேண்டாம். குழந்தைகளுக்கான கச்சேரி மாதிரி ஆகிவிடும்.

சண்டைக்கு ஹெஸார். மையம் ஐந்தாம் ஸ்வரத்துக்கு ஏறுகிறது, நான்காம் ஸ்வரமும் சற்றே உயர்ந்து அதைத் தாங்கிப் பிடிக்கிறது, எல்லாம் இறுகிவிடுகிறது. இங்கே ஒரு சஹார்மெஸ்ராப் எழுதுங்கள், வேகமாக, விடாத தாளத்தோடு. பேச்சும் தனிமையும் வரும் இடங்களைத் தாளமில்லாமலும், செயல் நடக்கும் இடங்களைத் தாளத்தோடும் வைத்துக்கொண்டால் கேட்பவர் தானாகவே பின்தொடர்வார். ஷாஹ்நாமேயின் யாப்பையும் இங்கே உள்ளே ஒளித்து வைக்கலாம். ஃபவூலுன் ஃபவூலுன் ஃபவூலுன் ஃபவல், அதாவது குறில்-நெடில்-நெடில் மூன்று முறை, கடைசியில் குறில்-நெடில், அரையடிக்குப் பதினொரு அசை. ஸூர்கானே என்ற மல்லர் பயிற்சிக் கூடத்தில், அதை நடத்தும் மொர்ஷெத் இந்த யாப்பில்தான் ஷாஹ்நாமேக் கவிஞர் ஃபிர்தௌசியைப் பாடி மல்லர்களுக்குத் தாளம் கொடுக்கிறார். சொல்லே இல்லாமல் யாப்பை மட்டும் கருவியில் வைப்பது ரதீஃபுக்குப் புதிதில்லை. கெரெஷ்மே என்ற கூஷே ஒரு யாப்பின் நடையேதான், ஹொமாயூனில் வரும் 'லெய்லீ வ மஜ்னூன்' நிஜாமி காவியத்தின் யாப்பில் நடப்பது. ஆனால் முதல் அடியிலிருந்து கடைசி வரை யாப்பையே தட்டிக்கொண்டிருந்தால் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். சஹார்மெஸ்ராப்பின் நடுவே ஓரிரு இடங்களில் தலைகாட்டிவிட்டு மறைந்தால் போதும்.

இப்போது கத்தி. வழக்கமான பாதையில் ஹெஸாருக்குப் பிறகு மொகாலெஃப், அப்புறம் மேல் ஸ்தாயி ஆதார ஸ்வரத்தில் மன்ஸூரி, அதுதான் உச்சம். சஹார்மெஸ்ராப் மேலேறிக்கொண்டே இருக்கும்போது எல்லோரும் அந்த உச்சத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே, ஏற்றத்தின் நடுவில், ஃபொரூத்தை வையுங்கள். தாளத்தை நிறுத்தாமல், பலத்த அடி எதுவும் இல்லாமல், அதே வேகத்தில். பயணம் பாதியில் இருக்கும்போதே முடித்துவைக்கும் சொற்றொடர் வந்துவிட்டது. ரதீஃப் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். தெரியாதவருக்கும் ஏதோ தப்பாக முடிந்துவிட்டது என்று உறைக்கும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். தொம்பக்கில் ஓங்கி ஒரு அடி வைத்து "குத்தியாயிற்று" என்று அறிவிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

அதன்பிறகு ஒரு நிசப்தம், பிறகு வரிசை தவறி வரும் மொகாலெஃப். ஆறாம் ஸ்வரம் மையமாகும், ஏழாம் ஸ்வரம் அரைப்படி இறங்கும், சஹார்காஹின் இறுக்கம் கழன்று ஸெகாஹின் சாயல் வந்துவிடும். கைக்காப்பைக் காணும் இடம் இதுதான்.

இங்கே உங்கள் கருவி உங்களைத் தடுக்கும். சந்தூரில் குதிரைகள் எனப்படும், கம்பியைத் தாங்கும் கட்டைகள் பதினெட்டு, ஒவ்வொன்றின் மேலும் நான்கு கம்பிகள், மொத்தம் 72. ஒரு குதிரைக்கு ஒரு ஸ்வரம்தான். வாசிக்கும்போது நடுவில் மாற்ற முடியாது. வழக்கமாக நாம் செய்வது, மஞ்சள் கம்பியில் ஒரு ஸ்வரத்தை இயல்பாகவும், வெள்ளைக் கம்பியில் அதையே இறக்கியும் சேர்த்துக்கொள்வது. ஆனால் வெள்ளைக் கம்பியை இறக்கினால் அதே கம்பியின் குதிரைக்கு அந்தப்புறம் இருக்கும் மேல் ஸ்தாயியும் கூடவே இறங்கும், குதிரையை நகர்த்தினால் ஒழிய. ஹெஸாருக்கு ஏழாம் ஸ்வரம் உயர்ந்திருக்க வேண்டும், மொகாலெஃபுக்கு இறங்கியிருக்க வேண்டும், இரண்டும் நீங்கள் வாசிக்கப்போகும் அதே ஸ்தாயியில். எப்படிச் சேர்த்தாலும் ஒன்று போய்விடும்.

சுருதிக்காகக் கதையை மாற்றாதீர்கள். மொகாலெஃபைக் கமாஞ்சேயிடம் விட்டுவிடுங்கள். அதற்கு மெட்டுக்கட்டைகள் கிடையாது, எந்த ஸ்வரத்துக்கும் எந்த நேரத்திலும் வழுக்கிப் போகலாம். பத்து நிமிடம் ஓயாமல் ஒலித்த சந்தூர் அந்த ஒரு பகுதியில் வாய் திறக்காது. கமாஞ்சே தனியாக, தாளமில்லாமல், சொஹ்ராபின் சொற்றொடரை எடுக்கட்டும், மூன்றாம் ஸ்வரத்தில் நிற்காமல் இறங்கி இறங்கி ஆதார ஸ்வரத்தில் போய் அமரட்டும். மகனின் மெட்டு தந்தையின் ஸ்வரத்தில் முடிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் வெளியே தெரிய வேண்டும். சந்தூர் அந்தக் கடைசி ஸ்வரத்தில் மட்டும், கீழ் மஞ்சள் கம்பியில், சேர்ந்துகொள்ளலாம்.

மன்ஸூரி வரவே வராது. அதை எங்காவது சேர்த்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் பெரிய அளவில் போனவர்களையும் கேட்டுப் பாருங்கள். ஹொசைன் அலீஸாதே 1983ல் வெளியிட்ட 'நெய்நவா' நெய்க்கும் மேற்கத்திய நரம்பிசைக் குழுவுக்குமானது. நெய் வாசித்தவர் ஜம்ஷீத் அந்தலீபி. நவா தஸ்த்காஹில் அமைந்தது, பகுதிகளின் பெயர்களிலேயே நக்மே, ஜாமே தரான், நஹொஃப்த் என்று கூஷேக்கள் வரிசையாக வரும். கர்பலா சமவெளிக்கும் நெய்நவா என்று பெயர் உண்டு. ஈராக்குடன் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அந்தத் தலைப்பைக் கேட்ட ஈரானியருக்கு அதற்கு மேல் கதைச் சுருக்கம் தேவைப்பட்டிருக்காது. அதில் கவனிக்க வேண்டியது, அத்தனை நரம்புக் கருவிகள் இருந்தும் கதையை நகர்த்துவது கூஷே மாற்றம்தான். கைஹான் கல்ஹொர், புரூக்ளின் ரைடர் என்ற நால்வர் குழுவோடு 2008ல் வெளியிட்ட 'சைலன்ட் சிட்டி' வேறு மாதிரி. 1988ல் ரசாயன குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட, ஈராக்கின் குர்து நகரமான ஹலப்ஜாவை நினைத்து எழுதியது, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அங்கே தொடக்கமே ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து வருகிறது, மெட்டு என்று ஒன்று உருவாகவே வெகுநேரம் பிடிக்கிறது. அவ்வளவு பொறுமை உங்கள் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்காது. ஆனால் நிசப்தத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று அதில் கற்றுக்கொள்ளலாம். முழு ஆர்க்கெஸ்ட்ரா எழுதும் ஆசை பின்னால் வந்தால் ஹொசைன் தெஹ்லவியின் 'பீஜன் வ மனீஜே' இருக்கிறது, அதுவும் ஷாஹ்நாமேதான். இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, நோஷ்தாரு. மகனைக் காப்பாற்றும் மருந்தைக் கேட்டு ருஸ்தம் ஆளனுப்புவதும், தந்தையும் மகனும் சேர்ந்தால் தன் அரியணைக்கு ஆபத்து என்று அரசன் கை காவூஸ் மறுப்பதும் கதையில் முக்கியமான இடம். ஈரானில் காலம் கடந்து வரும் உதவிக்கெல்லாம் 'சொஹ்ராப் செத்த பிறகு நோஷ்தாரு' என்றுதான் இன்றும் சொல்வார்கள். இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஓர் அரசன் ஏன் மறுத்தான் என்பது அரசியல் கணக்கு. அதைச் சொல்ல வார்த்தை வேண்டும். கருவியில் முயன்றால் மொகாலெஃபுக்குப் பிறகு இன்னொரு சோகப் பகுதி என்றுதான் கேட்கும், முதல் சோகமும் நீர்த்துப்போகும்.

இன்னொன்று, ரெங். சஹார்காஹ் கச்சேரி ரெங் என்ற ஆட்டத் தாளத் துண்டோடு முடிவது வழக்கம், 'ஷஹ்ராஷூப்' எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் இசைக்கு ரெங் வேண்டாம். தனியாக அரங்கேற்றினால் கமாஞ்சே ஆதார ஸ்வரத்தில் அமர்ந்ததோடு நிறுத்துங்கள். முழுக் கச்சேரியின் நடுவில் வைத்தால், அதற்குப் பிறகு வேறு தஸ்த்காஹுக்குப் போய்விடுங்கள், சஹார்காஹ் ரெங்கை அன்றைக்குத் தொடவே வேண்டாம். அப்புறம், பதினைந்து நிமிடம் என்றீர்கள். மேலே சொன்னபடி எழுதினால் பன்னிரண்டில் முடிந்துவிடலாம். மிச்சத்தை நிரப்ப வேண்டும் என்று தோன்றினால் தராமத்தை நீட்டுங்கள், ஹெஸாரை நீட்டாதீர்கள்.